சிஸ்டர் பெனடிக்டுக்கு ஏன் மாற்றல் வந்தது? ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியைக்குத் திடீரென்று மாற்றல் வருகிறது. காரணம் சொல்லவில்லை. போகிற இடத்தில் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கும் வேலை கிடையாது என்பது மட்டும் தெரிகிறது. அந்த மாற்றலைக் கேட்டு வாங்கியவர், இத்தனை மாதமாக அவரோடு ஒவ்வொரு விஷயத்திலும் முட்டிக்கொண்டிருந்த மேலதிகாரி. நீங்கள் அந்த ஆசிரியையாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? அதையேதான் சிஸ்டர் மேரி பெனடிக்டும் நினைத்தார். தப்பாக நினைத்தார். ஆனால் அப்படி நினைத்ததில் அவர் தப்பு ஒன்றுமே இல்லை, அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

1945 டிசம்பரில் வெளிவந்த 'த பெல்ஸ் ஆஃப் செயின்ட் மேரிஸ்' என்ற ஹாலிவுட் படத்தில் வரும் சம்பவம் இது. எல்லோரும் இதைக் கிறிஸ்துமஸ் படம், குடும்பத்தோடு பார்க்கிற படம், பாட்டுப் படம் என்றுதான் சொல்வார்கள். எல்லாம் சரிதான். நான் மூன்றாவது முறை பார்க்கும்போது ஒரு வழக்குக் கட்டைப் புரட்டுகிற மாதிரி பார்த்தேன்: யாருக்கு என்ன தெரியும், எப்போது தெரியும், யார் யாரிடம் சொல்லவில்லை. அப்படிப் பார்த்தால் இது வேறு படமாகிவிடுகிறது. முடிவையும் சேர்த்தே எழுதுகிறேன், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படித்தாலும் சரி.

முதலில் கொஞ்சம் பின்னணி. இயக்குநர் லியோ மெக்கேரி. திரைக்கதை டட்லி நிக்கல்ஸ். ஃபாதர் சக் ஓ'மேலியாக பிங் கிராஸ்பி, சிஸ்டர் பெனடிக்டாக இங்க்ரிட் பெர்க்மன். ஓ'மேலி பாத்திரம் புதிதல்ல. அதற்கு முந்தைய ஆண்டு, 1944இல், மெக்கேரியும் கிராஸ்பியும் சேர்ந்து எடுத்த 'கோயிங் மை வே' படத்தில் வந்த அதே பாதிரியார்தான். அந்தப் படம் ஏழு ஆஸ்கர் வாங்கியது. அடுத்த படத்திலும் அதே வேடத்துக்காக கிராஸ்பியின் பெயர் பட்டியலில் வந்தது. ஒரே பாத்திரத்துக்காக இரண்டு முறை பரிந்துரைக்கப்பட்ட முதல் நடிகர் அவர்தான். இந்தப் படத்துக்கு எட்டுப் பரிந்துரைகள் வந்தும் கிடைத்தது ஒன்றே ஒன்று, ஒலிப்பதிவுக்கு. ஆனால் வசூலில், படத்தை வெளியிட்ட ஆர்.கே.ஓ. நிறுவனம் அதுவரை காணாத லாபம். போர் முடிந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, ஊர் திரும்பிய சிப்பாய்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க ஒரு படம் தேவைப்பட்ட நேரம்.

பெர்க்மனின் பாத்திரத்துக்கு மெக்கேரி வைத்த பெயர் தன் சொந்த அத்தையின் பெயர். அந்த அம்மாவும் கன்னியாஸ்திரிதான். படத்தில் சிஸ்டர் பெனடிக்ட் மேல் ஒருபோதும் ஏளனம் விழாமல் கேமரா பார்த்துக்கொள்வதற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றும். (அந்தக் காலத்துத் தணிக்கை விதிகளே பாதிரியார்களைக் கோமாளியாகவோ வில்லனாகவோ காட்டக்கூடாது என்றன. ஆனால் விதிக்குப் பயந்து எடுத்த மாதிரியும் பாசத்தோடு எடுத்த மாதிரியும் வேறு வேறு, பார்த்தாலே தெரிந்துவிடும்.)

பள்ளியின் நிலவரம்

இந்த மாற்றல் விவகாரம் புரிய வேண்டுமானால் அமெரிக்கப் பங்குப் பள்ளிகள் (பங்கு என்றால் ஒரு கத்தோலிக்கக் கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும்) எப்படி நடந்தன என்று கொஞ்சம் தெரிய வேண்டும். 1884இல் பால்டிமோரில் கூடிய அமெரிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) ஒவ்வொரு பங்குக் கோயிலுக்கும் பக்கத்தில் ஒரு பள்ளி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கோயில்காரர்களின் காசில் கட்டிய கட்டடம், பாடம் சொல்லிக்கொடுக்கக் கன்னியர்கள், அவர்களுக்கு மிகச் சொற்பமான சம்பளம். 1960களில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இப்படிப் படித்தார்கள் என்றால் அதைச் சுமந்தவர்கள் அந்தக் கன்னியர்கள்தான். வகுப்பு நடத்துவது சிஸ்டர்கள், ஆனால் பங்குக்குப் பொறுப்பு பங்குத்தந்தை, அதாவது அந்தக் கோயிலின் பாதிரியார். சிஸ்டரோ தன் கன்னியர் சபையின் தலைவியான மதர் ஜெனரலுக்குக் கீழ்ப்படிந்தவர். ஆக, ஒரு தலைமை ஆசிரியைக்கு மேலே இரண்டு அதிகாரங்கள். அவற்றுள் ஒன்று இன்னொன்றுக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும், அவர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஏன் என்று கேட்கும் வழக்கம் கிடையாது. கீழ்ப்படிதல் என்பது அவர் கொடுத்த வார்த்தைப்பாடுகளில் ஒன்று.

செயின்ட் மேரிஸ் பள்ளிக் கட்டடமோ இடிந்துவிழும் நிலையில் இருக்கிறது. பக்கத்திலேயே போகார்டஸ் என்ற பணக்காரர் பளபளப்பாக ஒரு கட்டடம் எழுப்பிக்கொண்டிருக்கிறார். பள்ளி இருக்கும் இடம் அவருக்கு வேண்டும், கார் நிறுத்த. சிஸ்டர்களோ அந்தப் புதுக் கட்டடத்தை அவராகவே தூக்கிக் கொடுத்துவிடுவார் என்று செபம் செய்கிறார்கள். பள்ளியை நடத்துவதா, மூடிவிட்டுப் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்புவதா என்று பார்த்துச் சொல்லத்தான் ஓ'மேலி புதுப் பங்குத்தந்தையாக வந்திருக்கிறார். சிஸ்டர்களுக்கும் இது தெரியும். முதல் நாளே உறவு எந்த மாதிரி இருந்திருக்கும், யோசித்துக்கொள்ளுங்கள்.

தொப்பிக்குள் பூனை

அந்த முதல் நாளில் ஒரு காட்சி உண்டு. ஓ'மேலி சிஸ்டர்கள் எல்லோரையும் உட்காரவைத்து, தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு பேசுகிறார். அவருக்குப் பின்னால் கணப்பு மாடத்தின் மேல் அவருடைய வைக்கோல் தொப்பி. அதற்குள் ஒரு பூனைக்குட்டி புகுந்துகொண்டு தொப்பியோடு மல்லுக்கட்டுகிறது. சிஸ்டர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்க்கிறார்கள், சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. ஓ'மேலிக்கு ஒன்றும் புரியவில்லை. தன் பேச்சுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பேசுகிறார்.

நகைச்சுவைக் காட்சிதான். மெக்கேரி மௌனப் படக் காலத்தில் லாரல் – ஹார்டி என்ற நகைச்சுவை ஜோடியைச் சேர்த்துவைத்தவர், இதெல்லாம் அவருக்குக் கைவந்த கலை. ஆனால் இரண்டாம் முறை பார்க்கும்போது எனக்கு உறைத்தது வேறு. அறையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்த ஒன்று ஒருவருக்கு மட்டும் தெரியவில்லை. அவர் அந்த இடைவெளியைத் தன் மனசுக்குத் தோன்றிய காரணத்தைப் போட்டு நிரப்பிக்கொள்கிறார். படத்தின் மொத்தச் சிக்கலும் இந்தத் தொப்பிக்குள் இருக்கிறது. இங்கே அது சிரிப்பு. கடைசியில் அதே விஷயம்தான் கண்ணீர்.

எதில் எல்லாம் முட்டிக்கொண்டார்கள்

எட்டி என்ற பையன் பள்ளி மைதானத்தில் அடி வாங்குகிறான். திருப்பி அடிக்கவில்லை, சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி. ஓ'மேலி அடித்த பையனின் தைரியத்தைப் பாராட்டுகிறார், வெளியுலகம் ஆண்களின் உலகம், சண்டை போடத் தெரிய வேண்டும் என்கிற தோரணையில். சிஸ்டர் பெனடிக்ட் எதிர்த்து வாதாடுகிறார். ஆனால் அதோடு விடவில்லை. விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய் குத்துச்சண்டைப் புத்தகம் ஒன்று வாங்கிவந்து, அங்கியும் முக்காடுமாக எட்டிக்குக் குத்துவிட கற்றுத்தருகிறார். இடது கை இப்படி, தாடையைத் தாழ்த்து, கால்களை நகர்த்து. பெர்க்மன் துள்ளித் துள்ளிக் காட்டுவதைப் பார்க்க வேண்டும். பையன் விட்ட குத்து ஒன்று சிஸ்டர் தாடையிலேயே வந்து விழுகிறது. அடுத்த சண்டையில் எட்டி ஜெயிக்கிறான், அடித்தவனும் அவனும் கூட்டாளிகள் ஆகிவிடுகிறார்கள். எனக்கு இந்த இடம் முக்கியம். சிஸ்டர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர், சொன்னால் கேட்டுக்கொள்ளத் தெரிந்தவர் என்று படம் ஒரு மணி நேரத்துக்கு முன்பே நமக்குக் காட்டிவிடுகிறது. இப்படிப்பட்டவரிடம் உண்மையைச் சொன்னால் தாங்கமாட்டார் என்று பின்னால் பெரியவர்கள் முடிவுகட்டுகிறார்களே, அதை இதோடு சேர்த்துவைத்துப் பாருங்கள்.

அப்புறம் பாட்ஸி. பதின்மூன்று வயதுப் பெண். அப்பா ஓடிப்போனவர். அம்மா தனியாகத் திண்டாடி வளர்த்து, தன் வாழ்க்கையின் நிழல் மகள்மேல் விழக்கூடாது என்று ஓ'மேலியிடம் கொண்டுவந்து விடுகிறாள். ஓ'மேலி அந்த அப்பனைத் தேடிப் பிடிக்கிறார், பியானோக்காரன். அவனும் திரும்பி வருகிறான். நல்ல காரியம். ஆனால் பாட்ஸியிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் ஆசையாக அம்மாவைப் பார்க்க வீட்டுக்குப் போன நாளில், யாரோ ஒரு ஆண் அம்மா வீட்டில் இருக்கக் கண்டு, வந்த வழியே திரும்பிவிடுகிறாள். அது தன் அப்பா என்று அவளுக்குத் தெரியாது. அதன்பின் பரீட்சையில் வேண்டுமென்றே கோட்டை விடுகிறாள். தேறிவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். தேறாவிட்டால் இங்கேயே இருக்கலாம்.

பாட்ஸியைத் தேர்ச்சி போடுவதா வேண்டாமா என்பதில் இருவரும் மோதுகிறார்கள். தேர்ச்சி மதிப்பெண் 75. அதை 65 என்று வைத்தால் என்ன கெட்டுப்போகும், யார் வைத்த எண் அது என்கிறார் ஓ'மேலி. அளவுகோல் என்று ஒன்று வேண்டாமா, படித்துத் தேறிய பிள்ளைகளுக்கு என்ன பதில் என்கிறார் சிஸ்டர். இந்த விவாதத்தில் நான் சிஸ்டர் பக்கம்தான் என்று முதலில் நினைத்தேன், பிறகு ஃபாதர் பக்கம் சாய்ந்தேன், இப்போது இருவர் மேலும் வருத்தம். ஏனென்றால் இரண்டு பேரும் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுகிறார்களே தவிர, நன்றாகப் படிக்க ஆரம்பித்த பெண் ஏன் திடீரென்று இப்படி எழுதினாள் என்று அவளைக் கூப்பிட்டு அப்போதே கேட்கவில்லை. பிறகு, தானும் கன்னியாஸ்திரி ஆகப்போகிறேன் என்று பாட்ஸி அழுதபடி வந்து நிற்கும்போது, ஓடி ஒளிய இது இடமில்லை என்று சிஸ்டர் அவளிடம் பேச, அப்போதுதான் விஷயம் வெளியே வருகிறது.

ஒரு குழந்தையிடம் சொல்லாமல் விட்டதால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்த இதே ஃபாதர்தான் அடுத்த தவறைச் செய்கிறார்.

மருத்துவர் சொன்னதும் சொல்லாததும்

சிஸ்டருக்கு உடம்பு முடியவில்லை. டாக்டர் மெக்கே பரிசோதித்துவிட்டு ஓ'மேலியிடம் சொல்கிறார்: காசநோய், ஆரம்ப நிலை. வறண்ட சீதோஷ்ணம் உள்ள இடத்துக்குப் போக வேண்டும், ஓய்வு வேண்டும், பிள்ளைகளோடு இருக்கக்கூடாது. அவரிடம் சொல்லாமல் இருப்பது நல்லது, மனசு தளர்ந்தால் குணமாவது கஷ்டம்.

இதை 1945இன் கண்ணோடு பார்ப்பதுதான் நியாயம். காசநோயைக் குணப்படுத்தும் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தாலும் அப்போதுதான் நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஊர் டாக்டர் கையில் மருந்து என்று ஒன்றும் இல்லை. ஓய்வு, சாப்பாடு, நல்ல காற்று, இவ்வளவுதான். அரிசோனா மாதிரி வறண்ட இடங்களுக்கு நோயாளிகள் கூட்டம் கூட்டமாகப் போனது இதனால்தான். பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைத்ததும் சரி, தொற்றுநோய். ஆக மாற்றல் தேவைதானா என்றால், தேவைதான். அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

(இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. காசநோய்க்காரரை வீட்டைவிட்டு எங்கோ அனுப்பியே தீர வேண்டும் என்ற இந்த நம்பிக்கையை உடைத்த ஆய்வு நம் சென்னையில் நடந்தது. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கி, நோயாளிகளைச் சீட்டுப் போடுகிற மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் மறு பாதியை நெருக்கடியான அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு தேறினார்கள், வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. 1959இல் முடிவு வெளியானது. படம் வந்து 14 ஆண்டுகள் கழித்து.)

சொல்லாமல் மறைத்தது? அதுவும் அந்தக் காலத்து மருத்துவ வழக்கம்தான். 1961இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் டாக்டர்களைக் கேட்டபோது 90 சதவீதம் பேர் புற்றுநோய் என்றால் நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்புவதாகச் சொன்னார்கள். 1979இல் அதே கேள்வியை வேறொரு மருத்துவமனையில் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவோம் என்றார்கள். பதினெட்டு ஆண்டுகளில் தலைகீழ். ஆகவே டாக்டர் மெக்கேயைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கவனியுங்கள், இதே டாக்டர்தான் போகார்டஸுக்கும் வைத்தியம் பார்ப்பவர். நல்ல காரியம் செய்தால் இதயத்துக்கு நல்லது என்று ஃபாதர் காட்டிய ஜாடையைப் பிடித்துக்கொண்டு பணக்காரர் காதில் ஓதுகிறார், கட்டடம் பள்ளிக்குக் கிடைக்கிறது. படம் இதைச் சிரிப்பாகக் கொண்டுபோகிறது, எனக்கு அந்தப் பகுதி அவ்வளவாக ஒட்டவில்லை. ஒருவரிடம் இல்லாததைச் சொல்வது, இன்னொருவரிடம் இருப்பதை மறைப்பது, இரண்டும் அவரவர் நன்மைக்காக என்று இவர்களே முடிவு செய்துகொள்வது. முதலாவது பலித்துவிட்டதால் இரண்டாவதும் பலிக்கும் என்று நினைத்துவிட்டார்கள் போல.

அவர் எப்படிப் புரிந்துகொண்டார்

கணக்கு எளிது. பாட்ஸி விஷயத்தில் கடும் வாக்குவாதம். அதே நாட்களில் மாற்றல். புதுக் கட்டடம் கிடைத்து, செபித்து செபித்துக் கேட்ட பள்ளி கண்முன்னே எழுந்து நிற்கும்போது, அதற்குள் காலெடுத்து வைக்கும் நேரத்தில், நீ இங்கே வேண்டாம் என்கிறார்கள். வேறு எந்தக் காரணத்தை அவர் நினைக்க முடியும்? நோய் என்ற காரணம் அவர் கையில் இல்லை. கையில் இருந்ததை வைத்துத்தானே கணக்குப் போட முடியும்.

என் பெரியம்மாவுக்கு நுரையீரலில் பிரச்சினை என்று தெரிந்தபோது டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டுத்தான் சொன்னார். நாங்களும் பெரியம்மாவிடம் சளி என்றோம். கூட்டம் வேண்டாம் என்பதால் கல்யாணம் காட்சிக்கு அழைத்துப்போவதை நிறுத்தினோம். ஆறு மாதம் கழித்து அவர் என் அம்மாவிடம் கேட்டது: "நான் என்னடி தப்பு பண்ணேன், என்னை எதுக்கு ஒதுக்குறீங்க?" நோயைவிட அந்த ஆறு மாதம்தான் அவரைத் தின்றிருக்கிறது. இந்தப் படத்தின் சிற்றாலயக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கும்.

அந்தக் காட்சியில் சிஸ்டர் பெனடிக்ட் மண்டியிட்டு, தன் மனசில் உள்ள கசப்பை எடுத்துவிடும்படி கடவுளிடம் கேட்கிறார். மாற்றலை ரத்து செய் என்று கேட்கவில்லை, கவனியுங்கள். கசப்பை எடுத்துவிடு என்றுதான். பெர்க்மனின் முகம் திரை நிறைய. கண்ணில் நீர் தேங்கி நிற்கிறது, குரல் உடையவில்லை. அவர் இந்தப் படத்தில் நடித்துக்கொண்டிருந்த 1945 மார்ச்சில்தான் முந்தைய படமொன்றுக்காக முதல் ஆஸ்கரை வாங்கினார். இந்த ஒரு காட்சிக்கே இன்னொன்று தரலாம் என்பது என் கட்சி.

நோயாளியைக் காப்பாற்றத்தான் மறைத்தார்கள், மனசு தளரக்கூடாது என்று. ஆனால் தளர்ந்த மனசைத் தூக்கிக்கொண்டுதான் அவர் ஊரைவிட்டுக் கிளம்ப இருந்தார். டாக்டர் பயந்தது எதுவோ அதை டாக்டர் சொன்ன வழியே கொண்டுவந்து சேர்த்தது. ஓ'மேலிக்கு இது தெரியாமலா இருக்கும்? சிஸ்டர் முகத்தை அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். டாக்டருக்குக் கொடுத்த வாக்குக்கும் எதிரே நிற்கும் முகத்துக்கும் நடுவில் அவர் படும் அவஸ்தையை, அலட்டிக்கொள்ளாமல் நிற்கும் கிராஸ்பியின் உடம்பிலேயே பார்க்கலாம். தொப்பியும் பாட்டுமாகத் திரிந்த மனிதர், இங்கே ஒரு வாக்கியம் வாயில் வராமல் நிற்கிறார்.

கடைசி இரண்டு நிமிடம்

விடைபெற்றாகிவிட்டது. சிஸ்டர் கிளம்புகிறார். ஓ'மேலி பின்னாலிருந்து கூப்பிடுகிறார். டாக்டர் உங்களை முழு நலம் என்று சொன்னாரே, நீங்கள் முழுமையானவர்தான், ஆனால் உடம்பு அப்படியில்லை என்று சுற்றி வளைத்து ஆரம்பித்து, கடைசியில் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுகிறார். காசநோய்.

1945இல் பலர் அதை மரண ஓலையாகக் கேட்டிருப்பார்கள். சிஸ்டர் பெனடிக்டின் முகம் மலர்கிறது. நிஜமாகவே, ஒரு விளக்கைத் தூண்டிவிட்ட மாதிரி. நீங்கள் என்னை மிகவும் சந்தோஷப்படுத்திவிட்டீர்கள், நன்றி என்கிறார். முதல் தடவை பார்த்தபோது இது என்ன அபத்தம், நோய் என்று சொன்னதற்கு யாராவது இப்படிச் சிரிப்பார்களா என்று எனக்குக் கொஞ்சம் மிகையாகப் பட்டது. பெரியம்மாவுக்கு அப்புறம் அப்படித் தோன்றவில்லை. ஆறு மாதம் கழித்து அம்மா அவரிடம் உண்மையைச் சொன்ன அன்று பெரியம்மா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவ்ளோதானா" என்றார்.

எப்போது எந்த உதவி வேண்டுமானாலும் தொலைபேசியில் 'ஓ' சுழற்றுங்கள், ஓ'மேலிக்கு 'ஓ' என்கிறார் ஃபாதர். ஆபரேட்டரைக் கூப்பிட 'ஓ' சுழற்றுவதுதான் அங்கே வழக்கம், அதைத் திருப்பி விளையாடுகிறார். படத்தில் இது முதல்முறையல்ல, வேறு யாருக்கோ முன்பே சொன்ன வேடிக்கைதான். சிஸ்டர் அதை அப்படியே திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். ஓ'மேலிக்கு 'ஓ'. பிறகு பையைத் தூக்கிக்கொண்டு, அதே சிரிப்போடு நடக்கிறார்.